காற்று நின்ற பிறகு: புயலும் நம் எழுத்தும்

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது பசுமலை. கடற்கரையோ இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதாகச் செய்தி வந்தால், வேதாரண்யத்திலும் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் உள்ள குடும்பங்கள் கூரையின் மேல் கயிறு கட்டத் தொடங்குகின்றன. மதுரைச் சமவெளியில் வாழும் நாமோ, மாடக்குளம் கண்மாய் இம்முறையேனும் நிறையுமா, தென்கால் கண்மாய்க்கு நீர் வருமா என்று பேசிக்கொள்கிறோம். கடலோரத்தை அழிக்கின்ற காற்று, உள்நாட்டுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் மழையாகவே வந்து சேருகிறது.

இதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் நிலத்தார் மழையை எதிர்நோக்குவது இயற்கை. ஆயினும் இதிலிருந்து பிறக்கும் ஓர் உண்மையை நாம் மறந்துவிடலாகாது. புயல் என்பது நம்மில் பலருக்குப் பட்டறிந்த செய்தி அன்று, படித்தறிந்த செய்தி. எழுத்து எதைக் காட்டுகிறதோ அதையே உள்நாட்டார் அறிகின்றனர். அவர்கள் அறிந்த அளவுக்கே அவர்களுடைய இரக்கமும் உதவியும் அமைகின்றன. ஆகவே புயலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லாது விடுகின்றன என்று ஆராய்வதை வெறும் இலக்கியப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கிராமத்துக் குடும்பத்தின் அடுப்போடு தொடர்புடைய ஆராய்ச்சி அது.

நம் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். புயலடிக்கும் இரவைத் தமிழ் எழுத்து நன்றாகவே எழுதியிருக்கிறது. அதற்கு மறுநாளை ஓரளவு எழுதியிருக்கிறது. மறு மாதத்தையும் மறு ஆண்டையும் அநேகமாக எழுதவே இல்லை. துயருற்ற குடும்பத்தின் உண்மையான வரலாறு நடப்பதோ அந்த எழுதப்படாத காலத்தில்தான்.

பாரதியார் கண்ட இரவும் பகலும்

பசுமலையில் வாழ்ந்து 1959-இல் மறைந்த நாவலர் ச. சோமசுந்தர பாரதியார், எட்டயபுரத்தில் மகாகவி பாரதியாரின் இளமைக்கால நண்பராயிருந்தவர். அந்த மகாகவி 1916-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் வாழ்ந்தபோது பெரும் புயல் ஒன்று வீசியது. அதனை அவர் பாட்டாக்கினார். ‘புயற் காற்று’ என்ற அப்பாட்டின் தலைப்பின் கீழ், நள வருடம் கார்த்திகை மாதம் 8-ஆம் தேதி புதன்கிழமை இரவு என்று நாளையும் குறித்தார். கவிதைக்கு இப்படித் தேதியிடுவது நம் மரபில் பெருவழக்கு அன்று. இது கற்பனைப் புயல் அன்று, நடந்த புயல் என்று பதிவு செய்யக் கவிஞர் விரும்பினார் போலும்.

பாட்டின் அமைப்பும் கருதத்தக்கது. கவிஞர் தம் குரலில் புயலை வருணிக்கவில்லை. ஒரு கணவனும் ஒரு மனைவியும் பேசிக்கொள்வதாகவே பாட்டு முழுவதும் அமைந்திருக்கிறது. முதலில் விழித்துக்கொள்பவள் மனைவி. அவளே கணவனை எழுப்புகிறாள். கணவன் ஏழைக் குழந்தைகளை நினைத்து இறைஞ்சுகிறான். மனைவியோ, நேற்றுவரை தாங்கள் குடியிருந்த வீட்டை நினைக்கிறாள். இந்நேரம் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று நடுங்குகிறாள். புயலின் பேருருவத்தை ஒரு வீட்டின் படுக்கையறைக்குள் வைத்துக் காட்டிய இந்தத் திறம் பாராட்டத்தக்கது. குடும்பம் என்ற அளவுகோலால் புயலை அளந்த தமிழ்ப் பாட்டுகளுள் இதற்குத் தனியிடம் உண்டு.

இதைவிடவும் நம் பொருளுக்கு நெருக்கமானது, அதே புயலைப் பற்றி அவர் எழுதிய ‘பிழைத்த தென்னந்தோப்பு’. இது காற்று அடங்கிய பிறகு பாடப்பட்டது. எண்ணற்ற மரங்கள் நாடெங்கும் வீழ்ந்து கிடக்க, மேடான ஒரு சிறு நிலத்தில் இருந்த தென்னந்தோப்பு மட்டும் பெரும்பாலும் அழியாமல் நிற்பதைக் கவிஞர் காண்கிறார். அது ஓர் ஏழையின் உடைமை என்பதையும் அவர் குறிப்பிட மறக்கவில்லை. புயலுக்குப் பின் ஒருவர் வெளியே சென்று, எது வீழ்ந்தது, எது மிஞ்சியது, மிஞ்சியது யாருடையது என்று பார்த்து எழுதிய பாட்டு இது. இந்த மூன்று கேள்விகளும் கேட்கப்பட்டதாலேயே இப்பாட்டு நூறாண்டு கடந்தும் நமக்கு வேண்டியதாக இருக்கிறது.

எனினும் விமரிசகன் இன்னும் ஒரு கேள்வி கேட்கக் கடமைப்பட்டவன். அந்தத் தோப்புக்குரிய ஏழை எங்கே? பாட்டில் தோப்பு இருக்கிறது, உடையவன் இல்லை. கவிஞர் தம் மனத்துக்கு ஆறுதல் தேடி அங்கே தனியே செல்கிறார், ஆறுதலும் பெறுகிறார். வீழ்ந்த மரங்களைக் கணக்கிட்டபடி தோப்புக்காரனும் அவன் மனைவியும் அவ்விடத்தில் நின்றிருந்தால், அவர்கள் என்ன பேசியிருப்பார்கள்? முதல் பாட்டில் கணவனையும் மனைவியையும் பேசவைத்த அதே கவிஞர், இரண்டாம் பாட்டில் அவர்களைப் பேசவைக்கவில்லை. பாரதியாரின் பெருமையைக் குறைப்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. தமிழ் எழுத்து எந்த வரப்புவரை சென்று நின்றுவிட்டது என்பதைக் காட்டவே சொல்கிறோம். அந்த வரப்பைத் தாண்டித் தோப்புக்காரனின் வீட்டுக்குள் செல்லும் பணியைப் பின்வந்தோர் செய்திருக்க வேண்டும்.

பின்வந்தோருள் பெருந்திறனாளர்கள் இருந்தனர். மதுரையில் ‘தினத்தந்தி’ நாளிதழில் பணியாற்றிய ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது. அதில் வரும் கடற்புயல் பகுதியைத் தமிழ் உரைநடையின் சாதனைகளுள் ஒன்றாக இன்றும் பலர் பாராட்டுகின்றனர். அப்பாராட்டு தகும். ஆனால் அது பயணத்தில் குறுக்கிட்ட புயல். அதைக் கடந்ததும் பயணிகள் வேறு நிலம் சென்று சேர்கின்றனர். ஓடவும் இயலாமல், ஒதுங்கவும் இயலாமல், வீழ்ந்த வீட்டின் எதிரிலேயே மறுநாள் அடுப்பு மூட்டவேண்டிய குடும்பத்தின் புயல் வேறு வகையைச் சேர்ந்தது.

ராமேசுவரத்துப் படகு

நம் சமுதாயத்துக் குடும்பம் ஒன்றைப் புயல் தாக்கிய செய்தி, இந்தியா முழுவதும் படிக்கப்பட்ட நூல் ஒன்றில் இடம்பெற்றிருக்கிறது. டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் ‘அக்னிச் சிறகுகள்’ என்ற தன்வரலாற்றையே குறிப்பிடுகிறோம். ஆங்கில மூலம் 1999-இல் வெளிவந்தது; தமிழாக்கமும் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதற்காக, கலாம் அவர்களின் தந்தை ஜைனுலாப்தீன் கடற்கரையிலேயே ஒரு மரப்படகு கட்டினார். உறவினரான அகமது ஜலாலுத்தீன் உடனிருந்து உதவினார். அப்போது ஏறக்குறைய ஆறு வயதுச் சிறுவராயிருந்த கலாம், மரத்தை நெருப்பின் வெப்பத்தில் பதப்படுத்தியதையும் படகு கொஞ்சங் கொஞ்சமாக உருப்பெற்றதையும் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் நன்றாக நடந்தது. பிறகு ஒரு நாள் புயல் வந்து படகைக் கொண்டுபோயிற்று.

படகு கட்டிய வரலாற்றை விரும்பிச் சொல்லும் நூல், படகு போன செய்தியை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. பாம்பன் பாலம் இடிந்ததையும், பயணிகள் நிறைந்த ரயில் அதனோடு போனதையும் அடுத்து அது கூறுகிறது. அதுவரை கடலின் அழகை மட்டுமே கண்டிருந்த சிறுவருக்கு அதன் அடக்கவியலாத ஆற்றல் அன்று புலப்பட்டது என்று சொல்லிவிட்டு, ஜலாலுத்தீனோடு ஏற்பட்ட நட்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது.

இங்கே இரண்டு செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, நினைவின் விளையாட்டு. ரயிலையும் பாலத்தையும் அழித்த புயல் 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி வீசியது. 1931-இல் பிறந்த கலாம் அவர்களுக்கு அப்போது வயது 33. அவர் ஊரை விட்டு வெளியேறி விண்வெளி ஆய்வுப் பணியில் இருந்த காலம் அது. மேலும், அந்தப் பயணிகள் ரயில் பாலத்தின் மேல் சிக்கியதன்று. பாம்பனை விட்டுப் புறப்பட்டுத் தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய வேளையில் கடல் அதனை விழுங்கியது. பாலத்தின் இரும்புத் தூலங்களைப் பெயர்த்தெறிந்ததும் அதே புயல்தான், இடம் வேறு. சிறுவயதில் கண்ட புயலும், முப்பது வயதுக்கு மேல் கேள்வியுற்ற புயலும் அந்த நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. புயலடிக்கும் நிலத்தில் பிறந்தவர்களுக்கு இது இயல்பே. அவர்கள் வாழ்வில் புயல்கள் பல. நினைவில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எழுதிவைக்கப்படாத துன்பம் எவ்வளவு விரைவில் தேதியை இழந்து பழங்கதையாகிவிடும் என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. படகு போன மறுநாள் அந்த வீட்டில் என்ன நடந்தது? படகுக்கான மரத்தை எப்படி வாங்கியிருந்தார்கள்? யாத்திரிகர்கள் தந்த காசு நின்றுபோன பிறகு, பலரும் உண்டு வாழ்ந்த அந்தக் கூட்டுக் குடும்பத்தில் அம்மையார் ஆஷியம்மா அடுப்பை எவ்வாறு நடத்தினார்? அதே நூலின் வேறோர் இடத்தில், சென்னை எம்.ஐ.டி. கல்லூரியில் சேரப் பணம் தேவைப்பட்டபோது சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்துக் கொடுத்ததை நன்றியோடு எழுதியிருக்கிறார் கலாம். இடர் வந்தால் முதலில் கழற்றப்படுவது பெண்களின் நகையே என்பதை அக்குடும்பம் அறிந்தே இருந்தது. புயலுக்குப் பின்னும் அப்படி ஏதேனும் கழற்றப்பட்டிருக்குமோ என்று கேட்கும் வாசகருக்கு முதல் நூலில் விடை இல்லை.

பின்னர் 2013-இல் ‘எனது பயணம்’ என்ற நூலை எழுதியபோது, கலாம் அந்தப் படகுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். எண்பது வயதைக் கடந்த நிலையில், ராக்கெட்டுகளையும் குடியரசுத் தலைவர் பதவியையும் கண்ட பிறகும், ஒரு வாக்கியத்தில் கடந்துவந்த படகுக்குத் திரும்பச் சென்று இடம் கொடுக்க அவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படி மீண்டும் சென்றெழுதுவதற்கு நம் எழுத்தாளர்களுள் வேறு எத்தனை பேர் முன்வந்திருக்கின்றனர் என்பதே நம் வினா.

நீதிக் கதையின் புயல்

பத்திரிகைச் சிறுகதைகளில் புயல் வராமல் இல்லை. ஆனால் அங்கே அது பெரும்பாலும் ஒரு நீதிபதியாகவே வருகிறது. வட்டிக்குக் கொடுத்து ஊரை வதைத்த செல்வரின் மாடி வீடு இடிகிறது. ஐவேளை தொழும் ஏழையின் குடிசை அசையாமல் நிற்கிறது. செல்வர் மனந்திருந்தி அந்தக் குடிசையின் வாசலில் வந்து நிற்கும்போது கதை முடிகிறது. வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறார்.

இத்தகைய கதையை எழுதுவோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அதன் விளைவைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தப் புயலிலும் முதலில் பறப்பது கீற்றுக் கூரை. கடைசியில் நிற்பது காரை வீடு. தொழுகையாளியின் குடிசையும் தொழாதவனின் குடிசையும் ஒரே காற்றில் வீழ்கின்றன. குடிசை இழந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் ஒரு குடும்பம் இந்தக் கதையைப் படித்தால், தம் வணக்கத்தில் ஏதோ குறை நேர்ந்ததாலேயே தம் கூரை போயிற்று என்றல்லவா எண்ணிக் கலங்கும்? வீடிழந்தவர் மேல் பழியையும் ஏற்றும் கதை, நீதிக் கதை ஆகாது.

இக்கதைகளுக்கு மற்றொரு குறையும் உண்டு. அவை முடிவை அவசரமாகத் தேடுகின்றன. புயல் அடித்தது, தீயவர் திருந்தினார், எல்லாம் நலம் என்று நான்கு பக்கத்தில் முடித்துவிட்டால், ஐந்தாம் பக்கத்தில் நிற்கும் கடனும் வட்டியும் தள்ளிப்போன திருமணமும் யார் கண்ணிலும் படுவதில்லை.

எழுதப்படாத நாவல்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று நம் சமுதாயத்தார் பெருந்தொகையாக வாழும் ஊர்களைச் சிதைத்துக்கொண்டு, புதுக்கோட்டையைக் கடந்து, வலுக்குறைந்தபடி திண்டுக்கல் பக்கமாக நகர்ந்து, கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. அந்தக் கடற்கரைக்குப் புயல் புதிதன்று. 1952, 1955, 1977 ஆகிய ஆண்டுகளின் புயல்களை அங்குள்ள முதியோர் ஊர் நிகழ்ச்சிகளைக் கணக்கிடும் ஆண்டுகளாகவே வைத்திருந்தனர். ஆனால் தென்னையை நம்பி வாழும் குடும்பங்கள் இவ்வளவு பெருகிய பிறகு வந்த புயல் இது.

இதன் பிறகு நடந்தவற்றை ஒரு நாவலாசிரியர் எழுதுவதாயின் அவருக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அரசாணையிலும் தோப்பிலும் கிடக்கின்றன. வீழ்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் இது 1,92,500 ரூபாய் ஆகும். பசுமலையில் இருந்துகொண்டு இத்தொகையைப் படிப்பவருக்கு இது பெரிதாகவே தோன்றும்.

தோப்புக்காரர் வீட்டில் இதே தொகையை வேறு விதமாகக் கணக்கிடுவார்கள். நன்கு பராமரித்த மரம் ஆண்டுக்கு எண்பது முதல் நூறு காய் தரும். காய் ஒன்று 11 ரூபாய்க்குப் போவதாக வைத்துக்கொண்டால், 1,100 ரூபாய் என்பது ஒரு மரத்தின் ஓராண்டு விளைச்சல். புதிதாக நடும் நெட்டைக் கன்று பாளை விடுவதற்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். 45 நாளைக்கு ஒரு வெட்டு என்று அந்த வருவாயைக் கொண்டே மளிகைக் கடைக்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தவணை சொல்லிவந்த குடும்பம், ஓராண்டின் பணத்தை வைத்துக்கொண்டு ஏழாண்டைக் கடக்க வேண்டும். 2019-இல் நட்ட கன்று 2024-க்கும் 2026-க்கும் இடையில்தான் முதற்பாளை விடும். அதற்கு நடுவே 2020-இல் கொரோனா ஊரடங்கும் வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டுகளில் என்னென்ன நேரும் என்பதை வேளாண்மை அறிந்தவர் சொல்வார். வீழ்ந்த மரத்தை வாங்குவார் இல்லை. எல்லாத் தோப்பிலும் மரம் கிடக்கும்போது யார் வாங்குவார்? அகற்றாமல் விட்டால் மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, மிஞ்சி நிற்கும் மரத்தின் குருத்தையும் புதுக்கன்றையும் துளைக்கும். ஆகவே புயலில் பிழைத்த மரம் புயலுக்குப் பின் சாவதும் உண்டு. வேதாரண்யத்தில் உப்பளங்களின் மேல் கடற்சேறு படிந்தது. மின்கம்பங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்ததால் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை; மின்சாரம் இல்லாததால் மோட்டார் இல்லை; குடிநீருக்குப் பெண்கள் குடத்தோடு அலைந்தனர். பட்டா யார் பெயரில் உள்ளதோ அவருக்கே நிவாரணம் என்பது பொது முறை. தாத்தாவின் பெயரிலேயே இன்னும் பட்டா இருக்கும் வீட்டில் அண்ணன் தம்பிக்கிடையே ஒரு புதுச் சண்டை தொடங்கும். குத்தகைக்காரருக்கும், தேங்காய் உரிப்பவருக்கும், கீற்று முடைந்து பிழைக்கும் பெண்ணுக்கும் விழுந்த மரத்தின் கணக்கில் இடமே இல்லை.

கீற்று முடைபவளை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். புயலுக்கு அடுத்த வாரம் ஊரெங்கும் ஓலை, வேலை மிகுதி. அடுத்த ஆண்டு ஓலையே இல்லை. அவளுடைய புயல் ஓராண்டு கழித்து அடிக்கிறது. அதற்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, நிவாரணமும் இல்லை. இதைக் காணக்கூடியவர் கதாசிரியர் ஒருவரே. மரத்தை எண்ணுவதற்கு வருவாய்த்துறை இருக்கிறது. அந்த ஏழாண்டை எண்ணுவதற்கு இலக்கியத்தைத் தவிர வேறு துறை இல்லை.

இலங்கையின் கிழக்குக் கரையிலும் இதே வரலாறு உண்டு. 1978-ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி அம்மாவட்டத்துத் தென்னந்தோப்புகளின் பெரும்பகுதியை அழித்தது. தோப்பு வருமானத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் பல ஆண்டுகள் அதன் பாரத்தைச் சுமந்தன. அந்த ஆண்டுகளும் எழுத்துக்காகக் காத்திருக்கின்றன.

பொறுமை என்னும் சொல்

இங்கே நம் இதழ்களுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். துன்பக் கதை எதுவாயினும் அதன் இறுதியில் ‘பொறுமை’ என்ற சொல்லை வைத்து முடிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஸப்ரு என்பது உயர்ந்த பண்பு, அதில் ஐயமில்லை. ஆனால் கதையை முடிப்பதற்கு அதனை ஒரு மூடியாகப் பயன்படுத்துவது சரியா என்று கேட்க வேண்டும்.

அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாகத் திருமறை காட்டும் நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். மகனை இழந்த அவர்கள் பொறுமை காத்தார்கள். அதே வரலாறு, துயரத்தால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போனதையும் மறைக்காமல் கூறுகிறது. தம் புதல்வர்களை மீண்டும் அனுப்பி, யூசுபையும் அவர் சகோதரரையும் தேடிப் பாருங்கள் என்று அவர்கள் பணித்ததையும் கூறுகிறது. ஆகவே அந்தப் பொறுமைக்குள் கண்ணீரும் இருந்தது, நீண்ட காலமும் இருந்தது, தேடலும் இருந்தது. அதே அத்தியாயத்தில் நபி யூசுப் (அலை) அவர்கள், வரப்போகும் ஏழாண்டுப் பஞ்சத்துக்காக முந்திய ஏழாண்டின் தானியத்தைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கும் வழியைச் சொல்கிறார்கள். துன்பத்தை ஆண்டுக் கணக்கில் பார்ப்பதற்கு நமக்கு முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. நம் சிறுகதைகள்தாம் அதை நான்கு பக்கப் பொறுமையாகச் சுருக்கிவிட்டன.

இந்தச் சுருக்கத்தால் வரும் நட்டம் ஏட்டோடு நிற்பதில்லை. ஒவ்வொரு புயலின்போதும் முதல் வாரத்தில் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்துவிடுகின்றன. ஜமாஅத்தினரும் இளைஞர்களும் அரிசியும் போர்வையும் பழந்துணியும் ஏற்றிய வண்டிகளோடு விரைகின்றனர். இது பெருமைக்குரிய பணி. பிறகு செய்தித்தாளிலிருந்து புயல் மறைகிறது, வண்டிகளும் நின்றுவிடுகின்றன. ஏழாம் மாதத்தில் அக்குடும்பத்துக்கு வேண்டியது அரிசி அன்று. நல்ல தென்னங்கன்று, மகளின் கல்லூரிக் கட்டணம், அடகில் மூழ்கவிருக்கும் நகைக்கு வட்டி, பட்டா மாற்றத் தாலுகா அலுவலகத்தில் துணைநிற்க ஒரு படித்த இளைஞர். அப்போது கொடுப்பார் இல்லாமற்போவது மனமின்மையால் அன்று, செய்தியின்மையால். ஏழாம் மாதத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. எழுதாதது யாருக்கும் தெரியவில்லை. ஸகாத்தும் ஸதகாவும் எந்த மாதத்தில் எந்த வாசலுக்குச் செல்லவேண்டும் என்று வழிகாட்டும் பொறுப்பில் கதைக்கும் கட்டுரைக்கும் பங்குண்டு.

எழுத வேண்டியவர் யார்?

கடலோர முஸ்லிம் வாழ்வை எழுதுவதற்கு நம்மிடையே திறன் இல்லை என்று எவரும் கூற முடியாது. தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டினத்துப் பேச்சையும் மனிதரையும் வைத்து எழுதிய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாயிற்று. ஒரு சமுதாய மாத இதழின் பக்கங்களிலிருந்து தமிழின் சிறந்த நாவல்களுள் ஒன்று தோன்ற முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஊரின் ஏற்றத்தாழ்வை எழுத முடிந்த மொழியால், ஊரின் புயலையும் அதன் பின்னாண்டுகளையும் எழுத முடியாதா?

அதற்கு வேண்டியது வருணனைத் திறம் மட்டும் அன்று. காற்றின் ஓசையை எழுதத் தெரிந்தவர் பலர். கணக்கு நோட்டை எழுதத் தெரிந்தவர் வேண்டும். அந்தக் கணக்கு நோட்டு நம் வீட்டுப் பெண்களின் நினைவில் இருக்கிறது. எந்த நகை எப்போது அடகுக்குப் போயிற்று, எது மீண்டது, எது மூழ்கிற்று. எந்த மகனின் படிப்பு எந்த ஆண்டில் நின்றது, அவன் எந்த மாதம் துபாய்க்கு விமானம் ஏறினான். எந்த மகளின் நிக்காஹ் எத்தனை முறை தள்ளிப்போயிற்று என்பவற்றை அவர்கள் தேதியோடு சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் அருகில் அமர்ந்து கேட்டு, பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் எழுதிவைத்தாலே போதும். அழகுத் தமிழ் பின்னால் வரட்டும். முதலில் ஆண்டும் தொகையும் பெயரும் பதிவாகட்டும்.

இதழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புயல் வீசிய மாதத்தில் இரங்கல் கவிதைகள் தாமாகவே வந்து குவியும். அவற்றுள் நல்லவற்றை வெளியிடுங்கள். அதோடு, அடுத்த ஆண்டின் அதே மாதத்தில் அந்த ஊருக்கு ஒருவரை அனுப்பி, அதே தெருவிலிருந்து ஒரு கட்டுரை வாங்குங்கள். அதற்கடுத்த ஆண்டும் வாங்குங்கள். புதுக்கன்று பாளை விடும்வரை அந்தத் தொடர் நடக்கட்டும். உள்நாட்டில் மழைக்காகக் காத்திருக்கும் நமக்கு, அந்த மழை வந்த வழியில் எந்த வீட்டின் கூரை போயிற்று, இன்று அந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் கடமை இருக்கிறது. நூறாண்டுக்கு முன் பாரதியார் சென்று நின்ற தோப்பின் வரப்பில் தோப்புக்காரர் இன்னும் பேசக் காத்திருக்கிறார். அவரைப் பேசவிட்டுக் கேட்டெழுதும் முதல் நாவல் எந்த ஊரிலிருந்து வந்தாலும் அதனை வரவேற்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.